பீவர் ஒட்டிய உறை

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யார் கை வைத்தாலும் திறந்துகொள்ளும். கன்னியப்பன் படையல் இலைக்கு எதிரே மண்டியிட்டு, அவசர அவசரமாக ஆல்பத்தைப் புரட்டினான்.

மாலை போட்ட படத்திலிருந்து அவன் கூட்டாளி இருசப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்திரமேரூர்ப் பக்கம் காரியத்தன்று இப்படித்தான். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் பரப்பிக் கும்பிட்டுவிட்டு, அவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வடை, கோழிக் குழம்போடு இருசப்பனின் ஸ்டாம்ப் ஆல்பத்தையும் இலையருகே வைத்திருந்தாள் அவர் மனைவி கனகா.

இந்தச் சில நிமிடங்களை விட்டால் கன்னியப்பனுக்கு வேறு வழியில்லை. மற்ற நாட்களில் ஆல்பம் பீரோவில் இருக்கும். சாவி கனகாவின் இடுப்பில் இருக்கும். கூட்டம் வாசலுக்கு நகர்ந்ததும், கை கழுவப் போகிறவன்போல் பின்பக்கம் போய், தோட்டத்துக் கதவு வழியாக உள்ளே நுழைந்திருந்தான்.

இருசப்பனின் பீவர் உறையைப் பற்றி ஊருக்கே தெரியும். நூற்றெழுபது வருடங்களுக்கு முன் கியூபெக்கிலிருந்து டொரோண்டோவுக்குப் போன கடித உறை. அதன் மேல் பீவர் என்ற நீர்விலங்கின் படத்தோடு செந்நிறத் தபால்தலை. கனடா வெளியிட்ட முதல் தபால்தலை அதுதான். மாகறல் ஆற்றோர நிலத்தை விற்று அதை வாங்கியிருந்தார் மனிதர்.

பக்கம் அகப்பட்டது. கன்னியப்பன் உள்ளே இருந்ததை உருவி, இடுப்பு மடிப்பில் திணித்துக்கொண்டான். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாள் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த உறையை இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அதே இடத்தில் செருகினான்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவனுக்கு அது பெரிய வித்தையா என்ன?

குப்பென்று மூக்குப்பொடி நெடி அடித்தது. இருசப்பன் போடுகிற பொடி. பிடரியில் சூடாக யாரோ மூச்சு விட்டார்கள்.

கன்னியப்பன் வெடுக்கென்று திரும்பினான். சாம்பிராணிப் புகையைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவர் செத்த நாளிலிருந்து தினமும் கனவில் வருகிறார். பேசுவதில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னியோட உட்ருண்ணே" என்று படத்தைப் பார்த்து முணுமுணுத்தான்.

வெளியே கனகாவின் தம்பி தமிழரசன் குரல் கேட்டது. "தொறக்கலாமாக்கா? பசி உயிர் போவுது."

"இர்ரா. உங்க மாமா மெதுவாத்தான் துன்னுவாரு."

"ஆமா ஆமா. வடையக்கூட பூதக்கண்ணாடி வச்சிப் பாத்துட்டுத் துன்றவராச்சே!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கன்னியப்பன் தோட்டத்துப் பக்கம் வெளியேறி, குழாயில் கையை நனைத்துக்கொண்டு, கூட்டத்தின் பின்னால் வந்து நின்றுவிட்டான்.

கதவைத் திறந்தார்கள். தமிழரசன்தான் முதலில் கத்தினான். "தம்ளர்ல தண்ணி பாதி கொறஞ்சிகீது பாருங்க! மாமா வந்துட்டுப் போய்கீறாரு!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னியப்பன் தம்ளரையே பார்த்தான். அவன் அந்தத் தம்ளரைத் தொடவே இல்லை.

கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தைத் திறந்தாள். பீவர் உறையை வெளியே உருவினாள். தட்டில் ஒரு கற்பூரத்தை வைத்து ஏற்றினாள்.

"இன்னா அண்ணி பண்றீங்க?" கன்னியப்பன் முன்னால் வந்தான்.

"உன் கூட்டாளி சொல்லிட்டுப் போனததான் பண்றேன் தம்பி. சாவறதுக்கு முந்தி ஒரு நீல லைட்டு வாங்கியாந்து இதும்மேல அடிச்சிப் பாத்தாரு. அந்தக் காலத்துக் காயிதம் மின்னாதாம். இது பளபளன்னு மின்னிச்சாம். வித்தவன் போலியக் குடுத்து ஏமாத்திட்டான்னு படுத்தவரு எழுந்திருக்கவே இல்ல. அந்த நெனப்புலயே பூட்டாரு."

"நான் அப்பவே தலப்பாடா அடிச்சிக்கினேன்" என்றான் தமிழரசன். "வெளையற பூமிய வித்து காயிதம் வாங்குற ஏமாளி எங்கியாவது கீறானா?"

கனகா அவனை முறைத்தாள். "ஏமாளிதான். ஆனா தன்ன மாதிரி இன்னொருத்தன் ஏமாறக் கூடாதுன்னு நெனச்சாரு பாரு. படையல் முடிஞ்சதும் எல்லார் எதுருலயும் கொளுத்திடுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

கன்னியப்பன் கற்பூரத் தீயைப் பார்த்தான். சும்மா நின்றால் போதும். சாம்பலோடு சாம்பலாக எல்லாம் முடிந்துவிடும். நாளைக்கும் பஜாரில் அவன் ஸ்டுடியோவைத் திறக்கலாம். எவனும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். இருசப்பன் மட்டும் ஊர் வாயில் ஏமாளியாகவே இருப்பார்.

கனகா உறையைக் கற்பூரத்தின் அருகே கொண்டுபோனாள். ஓரம் லேசாகப் பழுப்பேறியது.

கன்னியப்பன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கொளுத்தாதீங்க அண்ணி! இது அசலு... அன்னிக்கி போலிய வச்சிட்டு எடுத்துக்கினது நாந்தான், இப்பத்தான் திருப்பி வச்சேன்!"