அதிகம் அழுத வாசகர்

இணையத்தில் நெடுநாவல் வாசிப்புப் போட்டி நடத்தும் இன்பவல்லி, முதலிடத்தில் இருந்த திலீபனின் வீட்டுக்குப் பொன்னாடையோடு போனாள். பக்கங்களைக் கண்முன் ஓட்டி, கண் திறந்திருப்பதையும் கண்ணீரையும் கணக்கெடுக்கும் வாசிப்புக் கண்ணாடியை அவள் அனுப்பியிருந்தாள். அதில் அவன் ஆயிரம் பக்கங்களைக் கடந்திருந்தான். அத்தியாயம் தவறாமல் அழுதிருந்தான். கண்ணீருக்குக் கூடுதல் மதிப்பெண் என்பது அவள் வகுத்த விதி.

கட்டிலில் பக்கவாதம் வந்த அவனுடைய அப்பா கிடந்தார். கண்ணாடி அவர் முகத்தில் இருந்தது. இமைகள் மூடாதபடி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“சும்மாதானே படுத்திருக்காரு மேடம். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது,” என்று சிரித்தான் திலீபன்.

இன்பவல்லி கண்ணாடிக்குள் விரலை விட்டு பிளாஸ்டரைப் பிய்த்தாள்.

“ஐயோ, இன்னும் நாப்பது பக்கம் இருக்கு மேடம்!”

வீங்கிச் சிவந்த கண்கள் மூடிக்கொண்டன, நீர் வழிந்தது. அவளுடைய கைபேசி ஒலித்தது: ‘வாசகர் நெகிழ்ந்தார். பத்து மதிப்பெண்.’