நாலாம் தொட்டியின் மாதிரி

பாட்டில் முக்கால்வாசி நிறைந்ததும் நின்றுவிட்டது.

அவன் கண்ணை மூடி, பாலாற்றில் வெள்ளம் வருவதாக நினைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு விரல் அளவு வந்தது.

போதும்.

மூடியைத் திருகி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நிறம் மோசமில்லை. நாலாம் தொட்டித் தண்ணீரும் ஏறக்குறைய இதே நிறம்தான். சோதனைக்கூடத்து யமுனா காலையிலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: தொட்டி 4, சுத்திகரித்தது.

ஊரிலுள்ள தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவெல்லாம் வந்து சேரும் நிலையம் அது. நாலாம் தொட்டியின் மோட்டார் புகைந்து மூன்று நாள் ஆகிறது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாதிரி வாங்க வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஜீப்போ பதினோரு மணிக்குக் கிளம்பிவிடும். காலி பாட்டில் கொடுத்தால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

"இன்னா முனிரத்தினம், ரொம்பிச்சா?" அந்தப் பக்கமிருந்து மேஸ்திரி கத்தினார்.

"ரொம்பிச்சி, ரொம்பிச்சி."

பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. ஜீப்காரன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"வெயிலு," என்றான் இவன்.



இருபத்திரண்டு வருடமாகக் குரோமியச் சேற்றை மண்வெட்டியால் அள்ளுகிறவன்.

அதன் பலனாக அவனுக்கு ஒரு வித்தை வசப்பட்டிருந்தது. பீடிக்கட்டுச் சிவப்பு நூலை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுப்பான். மூக்கின் நடுச்சுவரில் குரோமியம் அரித்த ஓட்டை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவது வழக்கம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து, அவர்களில் சிலர் நூல் கேட்பார்கள்.

வயிற்று வலி என்று மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. மூவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கேஸ் டிரபிள்.



பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது.

குரோமியத்துக்கு எல்லை இரண்டு. பாட்டிலில் இருந்தது ஒன்பது.

வகை: அபாயகரமான கழிவு.

அமில அளவு மட்டும் சரியாக இருந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

பெருமை மத்தியானம் வரைக்கும்தான். சாயங்காலம் அதிகாரிகள் வந்து சீல் வைப்பார்களாம். நாலாம் தொட்டியோடு நிலையத்தையே மூடிவிடுவார்களாம். அறுபது பேர் சோற்றுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி, அன்றுதான் மோட்டாரைக் கழற்ற வந்த ரிப்பேர்காரனின் மூன்று தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவன் சோதனைக்கூடத்துக்குப் போனான். யமுனா அபாயகரமான கழிவை அகற்றுவதற்கான ஏழு நகல் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தாள்.

"அது தொட்டித் தண்ணி இல்லம்மா."

"பின்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டு சுண்டுவிரலைக் காட்டினான்.

யமுனா குபீரென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரிப்போர்ட்டை இழுத்து அந்த ஒன்பதை மறுபடி பார்த்தாள்.

பொத்திய கை இறங்கவில்லை.

"ஒக்காருங்கண்ணா," என்றாள்.

அவன் உட்காரவில்லை. மேஜைமேல் இருந்த படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அளவு கேட்டுக்கீது. அம்பத்தெட்டு கிலோ. போன வருசம் அறுபத்தேழு."

"அண்ணா..."

"திடமா, திரவமாங்கிறான். ரெண்டும்தான்."

அடுத்த வரியில் விரல் நின்றது. தொண்ணூறு நாளுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது.

"நான் இருவத்திரெண்டு வருசமா வச்சிக்கினு கீறேனே. கேஸ் போடுவாங்களா?"

கடைசிக் கட்டத்துக்கு வந்தான். அகற்றும் முறை. எரிப்பதா, புதைப்பதா.

"பொதைக்கிறதுன்னு போட்டுக்கம்மா. எங்காளுங்கள்ல அதான்."

நூலை உருவிக்காட்டிவிட்டு நிற்பதுபோல, அவள் சிரிப்பதற்காக நின்றான்.

வெளியே நாலாம் தொட்டி மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

யமுனா எழுந்தாள். புது பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளே குழாயடிக்குப் போனாள். பிடித்து வந்து, ஏதோ மருந்து விட்டு, கருவிக்குள் வைத்தாள். அறுபது பேரும் ஜன்னலில் ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்றார்கள்.

அரை.

எல்லை இரண்டு, தண்ணீரில் இருந்தது அரை.

ஜன்னலில் விசில் பறந்தது. "முனிரத்தினம், இன்னாய்யா ரொப்பிக் குட்த்த அன்னிக்கு?" என்றார் மேஸ்திரி. பதிலுக்கு அவர் நிற்கவில்லை. அதிகாரிகளுக்குப் போன் போட ஓடினார். தூக்குகள் திறக்கும் சத்தம் கேட்டது.

தொட்டி 4, வெளியே விடலாம். யமுனா எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு நகல் படிவம் அப்படியே கிடந்தது. கிழிக்கப் போனாள். கிழிக்கவில்லை. மடிக்கப் போனாள். மடிக்கவும் இல்லை.

மணி ஐந்து அடித்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கின.

அவன் மட்டும் அங்கேயே நின்றான்.

"நான் வெளிய போலாமாம்மா?"