மானம் காத்த ஒட்டகங்கள்

எரிவாயு ஆலையில் ஒரு குழாய் கசிவது மேலாளர் ஸுபீருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் ஹாஜி மப்ரூக்கின் ஒட்டகங்களை ஆலை வேலியோரம் கட்டிவைக்கச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு அல்ஜியர்ஸ்லேருந்து ஒரு மேடம் வாயு அளக்க வர்றாங்க ஹாஜி. உங்க ஒட்டகங்களையும் அளந்தாலும் அளப்பாங்க."

"இவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்," என்று நெஞ்சில் கை வைத்தார் ஹாஜி.

மறுநாள் ஆய்வாளர் ஸுஹைலா லேசர் கருவியோடு வந்தார். காற்றில் மீத்தேன் வாயு இருந்தால் அது லேசர் ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்பதைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆலைப் பக்கம் நீட்டியதுமே அது அலறியது.

"என்ன சார் இது?"

ஸுபீர் அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லாம் அந்த ஒட்டகங்க பண்ற வேலை மேடம். அசைபோட்டு அசைபோட்டு ஏப்பமா விடுதுங்க. அதுவும் மீத்தேன்தானே!"

"அப்படியா? அதையும் பாத்துடலாம்."

ஒவ்வொரு ஒட்டகத்தின் பக்கமும் கருவியை நீட்டினார் ஸுஹைலா. இந்த முறை கருவி வாயே திறக்கவில்லை.

ஸுபீர் ஹாஜியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "இதுங்களுக்கு என்ன ஆச்சு ஹாஜி?"

"ஒரு பொம்பள வந்து வாயு அளக்கறப்ப என் ஒட்டகங்க மானம் போகலாமா?" ஹாஜியின் முகத்தில் பெருமை வழிந்தது. "நேத்துலேருந்து தீனியே போடல. வெறும் சீரகத் தண்ணிதான்!"

பிறகு ஆலையைத் திரும்பிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிச்சம் ஒரு வாளி இருக்கு. உங்க குழாய்க்கு ஊத்தட்டுமா?"