விரல் கணுவில் மஞ்சள் முடிச்சு

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் கைவண்டிகள் கடகடக்கின்றன. ரத்தம் எடுக்கும் லேபின் கண்ணாடி ஓட்டு வழியே விழும் காலை வெயில், மாயம்மாளின் சுக்குத் தூசி படிந்த கால்களில் கிடக்கிறது. பக்கத்தில் பதினாலு வயது மகள் செல்லக்கனி பசியில் சுவரோடு சாய்ந்திருக்கிறாள். நேற்று வரும் வழியில் மகளுக்கு ஒரு வாய் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டதால், வெறும் வயிற்றோடு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இன்னைக்கு நானும் பச்சத்தண்ணி தொடல, சேட்டா," என்கிறாள் மாயம்மாள். "சேச்சிக்கு எந்தினா பட்டினி? டெஸ்ட் மோளுக்கல்லே!" என்று, மகளுக்கு எடுக்கும் டெஸ்டுக்கு அம்மா எதற்குப் பட்டினி கிடக்கிறாள் எனச் சிரித்துக்கொண்டே லேப்காரர் செல்லக்கனியின் கையைத் திருப்புகிறார். சிரிப்பு அப்படியே நிற்கிறது. விரல் கணுக்களில் மஞ்சளாய்ச் சின்னச் சின்ன முடிச்சுகள். அப்பன் வழியாக வரும் ரத்தக் கொழுப்பாக இருக்கலாம், இப்போதே தெரிந்தால் பத்தியமும் மருந்துமாக நெஞ்சைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பத்தாறு வயதில் மிளகுக் கிடங்கு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த புருஷனின் கையிலும் இதே முடிச்சுகள்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போனது என்று நினைத்து, வருஷக்கணக்காக எண்ணெய் தேய்த்துவிட்டவள் மாயம்மாள். ஊசிக்குழாயில் ரத்தம் மெதுவாக ஏறுகிறது. மகளின் இன்னொரு கையைப் பிடித்து விரல்களைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாளும் மூட்டை தூக்காத கை.