நடுத்தையலில் தொங்குபவர்

"வெட்கம் பத்தல" என்று சொல்லிவிட்டு சார் மறுபடியும் ரப்பரை எடுத்தார்.

சார் எங்கள் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட். பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டியவள் நான். அவருடைய படத்துக்காக முதல் பக்கத்தில் ஒரு சதுரம் வெள்ளையாகக் காத்திருந்தது.

"அந்த ஆளு நெஜத்துலயே வெட்கப்பட மாட்டாரு சார். நீங்க வரைஞ்சா மட்டும் வந்துடுமா?" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பார். சிரிக்கவில்லை.

படத்தில் ஒரே கால்சட்டைக்குள் இரண்டு பேர். ஆளுக்கொரு கால். ஒருவர் மார்பில் முரசைக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிறார். இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறார். தையல் விட்டுப்போகிறது. அந்தத் தையலை இரண்டு கையாலும் பிடித்தபடி நடுவில் ஒருவர் தொங்குகிறார்.

அவர் யாரென்று குழந்தைக்குக் கூடத் தெரியும். "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிவருபவர்.

ஆளுங்கட்சி பிளந்து கிடந்தது. போர் வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. நாளைக் காலை ஓட்டெடுப்பு. நடுவில் தொங்குபவரும் அவருடைய ஆட்களும் எந்தப் பக்கம் இறங்குகிறார்களோ, நாடும் அந்தப் பக்கம்தான்.

சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. கட்சிக் கூட்டத்தில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் டம்ளர் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

சாரின் பையன் எல்லையோர ராணுவ முகாமில் இருந்தான். ஒரே பையன். போர் வேண்டாம் என்று முடிவானால் திரும்பி வந்துவிடுவான்.

அதை சார் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாக அவர் படங்களில் நடுவில் தொங்குபவர் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தார்.

"காலைல கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி அவர் பேப்பர் பார்ப்பாரு இல்ல?"

"பார்ப்பாரு சார். தன் படம் வந்திருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாரு."

"அப்ப போதும்."

சார் வரைந்ததைப் பார்த்து மீசையை எடுத்தவர்கள் உண்டு. மூலப்படத்தைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, வீட்டு முன்னறையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மனதை மாற்றிக்கொண்டவர் யாரையும் எனக்குத் தெரியாது.

ஆசிரியர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். "என்னம்மா, பக்கம் போகுதா, இல்ல நானே வந்து படம் போடணுமா?"

"நீங்க வரைஞ்சா கட்சி ஒண்ணு சேர்ந்துடும் சார், பயத்துலயே" என்று பிழை திருத்துகிறவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மேசைத் தொலைபேசி அடித்தது.

வரையும்போது சார் செல்போனை அணைத்துவிடுவார். அதனால் வீட்டிலிருந்து அக்கா, அவர் மனைவி, எனக்குத்தான் கூப்பிடுவார். மாத்திரை சாப்பிட்டாரா, குடையை மறந்துவிட்டாரே, அவ்வளவுதான் இருக்கும்.

"சொல்லுங்கக்கா. சார் இங்கதான் இருக்காரு, குடுக்கட்டுமா?"

"வேணாம். குடுக்காத."

மூச்சு மட்டும் கேட்டது. அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதை மூடவில்லை.

"பையன் பேசினான்மா. ஒரு நிமிஷம்தான். நேத்தே எல்லையத் தாண்டிட்டாங்களாம். அந்தப் பக்கத்துல இருந்துதான் பேசினான்."

நிமிர்ந்து டிவியைப் பார்த்தேன். போகலாமா வேண்டாமா என்று அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தொங்குபவர் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க நாளைக்குத்தானே ஓட்டு…"

"வெளிய மூச்சு விடக் கூடாதுன்னான். தெரிஞ்சா அவன் தலைதான் உருளும். நீயும் பத்திரிகைக்காரிதான். உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"சொல்ல மாட்டேன்கா."

"இப்போதைக்கு அவர்கிட்டயும் சொல்லாத. கை அப்படியே நின்னுடும். அவ்வளவு நம்பி வரைஞ்சிட்டு இருப்பாரு, முடிச்சிட்டு வரட்டும். வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

வைத்துவிட்டார்.

"யாரு, வீட்டுலயா?" தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சார் கேட்டார்.

"ஆமா சார். குடையை மறந்துட்டீங்களாம்."

"மழையே இல்லையேம்மா. அவளுக்கு வேற வேலை இல்ல."

தாளை என் பக்கம் திருப்பினார்.

முகம் மாறியிருந்தது. தொங்குபவரின் கண்கள் கீழே, கால் எட்டாத தரையைப் பார்த்தன. உதடு எதையோ சொல்ல வந்து நின்றிருந்தது. அந்த மனிதரின் நிஜ முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

"வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. இதப் பார்த்தாலும் சிரிச்சிட்டுப் போயிடுவாரு." புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் பொருத்தினார். "ஒரே ஒரு தடவை. இன்னும் பத்து நிமிஷம் குடும்மா."

கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அச்சுக்கூடத்திலிருந்து தொலைபேசி அடித்தது. நான் எடுக்கவில்லை.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவசரமில்ல சார்" என்றேன். "மெதுவா வரைங்க."