அங்க அடையாளம்

பள்ளி விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்ட பிரமிளா, அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். மச்சமோ தழும்போ, இரண்டு வேண்டும். ஏழு வயது மகள் நறுமுகையைக் கட்டிலின் மேல் நிற்க வைத்து, காது மடல் முதல் குதிகால் வரை தேடினாள். ஒன்றுகூட இல்லை. சறுக்குமரம் ஏறவிடாமல், சைக்கிளின் பக்கச் சக்கரங்களைக் கழற்றவிடாமல் காத்த உடம்பு. பிறந்தபோது இருந்தது அப்படியே நீண்டு வளர்ந்திருந்தது. பெருமைப்பட வேண்டியதுதான், ஏனோ முதலிலிருந்து இன்னொரு முறை தேடினாள்.

“உனக்கு என்னம்மா எழுதினாங்க?” என்றாள் நறுமுகை.

பிரமிளா கட்டிலில் உட்கார்ந்து இடது முழங்காலைக் காட்டினாள். புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு. “கொய்யா மரத்துலேருந்து குதிச்சேன். கீழே கல்லு கெடந்திருக்கு.”

நறுமுகை குனிந்து தழும்பின் மேல் காதை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“காத்தடிக்குதும்மா. நெறைய பேர் கத்துறாங்க.”

“என்னன்னு?”

“குதிடி பிரமி, குதிடின்னு.”

வலை அடித்த ஒன்பதாவது மாடி ஜன்னல் வழியே கொய்யாப்பழ வாசனை வந்தது. நறுமுகை எழுந்து, கட்டிலின் விளிம்பில் கால்விரல்களை மடக்கி நின்றாள். பிரமிளா பதறி இறங்கினாள். கட்டிலைச் சுற்றித் தரையெங்கும் அவள் வாங்கிப் போட்ட ரப்பர் மெத்தைகள். பிடிக்க நீண்ட கைகள் பாதியில் நின்றன. பிறகு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல, மகளுக்கு நேர் கீழே கிடந்த மெத்தையைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினாள்.