வேருக்கு ஒரு மருந்து

“அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சான்னா சும்மா விடமாட்டேன்!”

டாக்டர் மேசையைத் தட்டிய தட்டில் மூலிகைத் தொட்டியே ஆடிப்போனது. எதிரே உட்கார்ந்திருந்த நோயாளிப் பெண் திடுக்கிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூலையில் இருந்த பத்திரிகை நிருபருக்கோ ஏக சந்தோஷம். ரெக்கார்டரை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்.

நிருபர் வந்திருந்தது டாக்டரைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை எழுத. இருபது வருஷம் ஊசியும் மாத்திரையுமாக வைத்தியம் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் நாடி, மூலிகை, மூச்சுப் பயிற்சி என்று ஒன்று விடாமல் படித்து, இரண்டையும் சேர்த்துத் தருகிறவர் என்றால் சும்மாவா? ‘மற்றவர்கள் நோயைப் பார்க்கிறார்கள், நான் மனிதரைப் பார்க்கிறேன்’ என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்வார். வாசலில் பலகையும் அதையே சொன்னது.

நோயாளிக்கு நாற்பது வயதிருக்கும். தலைசுற்றல், தூக்கமில்லை, முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. டாக்டர் முதலில் பிரஷர் பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. பிறகு மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மெஷின் சொல்றதைத்தான் நாடியும் சொல்லுது. ஆனா மெஷினுக்குக் காரணம் தெரியாது, நாடிக்குத் தெரியும். வேலை பார்க்குற இடத்துலதாம்மா உங்களுக்குப் பிரச்சினை” என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் தன் முதலாளியைப் பற்றி வாயைத் திறந்தாள். டாக்டருக்கு வந்ததே கோபம்! மேசை அடி வாங்கியது அப்போதுதான்.

“இன்னும் சொல்லுங்க. பயப்படாதீங்க.”

“ஆறு வருஷமா வேலை பார்க்குறேன், என் முகம்கூட அவருக்குத் தெரியாது டாக்டர். எல்லாம் போன்லதான். கத்துவார், வெச்சுடுவார். நான் ஒரு வார்த்தை பதில் சொல்ல விடமாட்டார்.”

“ஆறு வருஷமா முகத்தையே பார்த்ததில்லையா? மனுஷனா அவன்?” டாக்டர் நிருபர் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க சார். இந்த மாதிரி முதலாளிங்கதான் பாதி வியாதிக்குக் காரணம். கிருமியெல்லாம் அப்புறம்தான்.”

நிருபர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

“இல்ல டாக்டர். சாப்பாட்டு நேரத்துலதான் ஓடி வந்தேன். ரெண்டு மணிக்குள்ள போய் உட்காரலேன்னா ருத்ர தாண்டவம் ஆடுவார்.” அவள் சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “போன வாரம் வீட்டுல மயங்கி விழுந்துட்டேன். என் பொண்ணுதான் தண்ணி தெளிச்சு எழுப்பினா. பத்து வயசு அவளுக்கு. ‘செத்துப் போயிடாதேம்மா’ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எனக்குப் பயமா இருக்கு டாக்டர். அவளுக்கு என்னை விட்டா யாருமில்லை. ரெண்டு மாசம் ஓய்வு கிடைச்சா போதும், தேறிடுவேன்.”

டாக்டருக்கு மனசு கலங்கிவிட்டது. நடிப்பெல்லாம் இல்லை. நோயாளி என்று ஒருத்தர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால் மனிதர் உருகித்தான் போவார்.

“லீவு கேட்டுப் பார்த்தீங்களா?”

“எங்க தெரு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கி அனுப்பினேன். கண்ட கண்ட டாக்டர் எழுதினதெல்லாம் செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டார். நீங்க எழுதிக் குடுத்தா மட்டும்தான் ஒத்துக்குவார்.”

“ஓஹோ!” அத்தனை கோபத்திலும் டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “விவரமான ஆளாத்தான் இருக்கான். மனசுதான் இல்லை.”

பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதன் கீழே ஒரு கஷாயம், அதற்கும் கீழே காலையில் அரை மணி நேரம் நடை. பிறகு அந்தச் சீட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார்.

“அதெல்லாம் கிளைக்கு. வேருக்கு மருந்து இப்பத்தான் எழுதப் போறேன்.”

விறுவிறுவென்று எழுதி முடித்து, நிருபர் காதில் நன்றாக விழும்படி உரக்கப் படித்தார்.

“இவருடைய நோய்க்கு முதல் காரணம் இவருடைய முதலாளி. ஈவிரக்கமற்ற அந்த நபர் இவருக்குச் சம்பளத்துடன் இரண்டு மாத விடுப்பை இன்றே தர வேண்டும். மறுத்தால் நேரும் விளைவுக்கு அவரே பொறுப்பு. அவருக்கு அவசரமாக மனநல ஆலோசனையும் தேவைப்படுகிறது.”

“சம்பளத்தோடவா டாக்டர்?” அவள் தயங்கினாள்.

“பின்னே? குடுக்கட்டும்! குடி முழுகிடுமா அவனுக்கு?”

கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார். நிருபர் எழுந்து வந்து கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

“அட்டையிலேயே போட்டுடலாம் டாக்டர். இந்தக் காலத்துல யார் இவ்வளவு தைரியமா எழுதுவாங்க?”

“போடுங்க, தாராளமா போடுங்க. ஊர் உலகம் பார்க்கட்டும்” என்ற டாக்டர், கடிதத்தின் தலைப்பில் விட்டிருந்த இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

“ம்… அந்த மகானுபாவன் பேரைச் சொல்லுங்கம்மா. யாருக்குன்னு எழுதணுமில்ல?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்க பேரையே எழுதிடுங்க டாக்டர். பின்பக்க ரூம்லேருந்து உங்களுக்கு ஃபைல் எடுத்து அனுப்புறவ நான்தான்.”